வளைஞ்சது, ஆனா நிக்கல: 5 மி.மீ. நீடில் ஹோல்டர் ஒன்னோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூர்ல நாலு பேர் இருந்த ஒரு சின்ன டீம்ல மெக்கானிக்கல் டிசைன் பாத்தவன் நான். அதுக்கு முன்னாடி நாங்க எல்லாருமே டெக்ஸ்டைல் மெஷினுக்கு பார்ட்ஸ் டிசைன் பண்ணிட்டு இருந்தவங்க, ஆபரேஷன் தியேட்டர் உள்ள எப்படி இருக்கும்னு கூட தெரியாது. தெரிஞ்சவங்க மூலமா லேப்ராஸ்கோப்பில, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு, கர்ப்பப்பை எடுக்குற ஒரு டாக்டர் மேடம் கூப்பிட்டாங்க, ஒரு நாள் முழுக்க நின்னு பாருங்கன்னாங்க. பாத்தோம். அப்புறம் நுனி வளையுற ஒரு நீடில் ஹோல்டர், அதாவது தையல் ஊசிய புடிக்கற நீளக் கருவி, செய்ய இறங்குனோம். அங்க ஆரம்பிச்சு எங்க நின்னுச்சுங்கறது வரைக்கும் வரிசையா எழுதி வெக்கிறேன், இதே வேலைய கையில எடுக்குற இன்னொரு டீமுக்கு சில மாசமாவது மிச்சமாகட்டும்.

கர்ப்பப்பைய எடுத்த பிறகு யோனியோட மேல் பக்கம் திறந்து இருக்குற இடத்த தையல் போட்டு மூடணும், வால்ட் சூச்சரிங்னு சொல்வாங்க. அது இடுப்பெலும்புக்குள்ள ரொம்ப ஆழத்துல இருக்கு. வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைட 12-லிருந்து 15 மி.மீ. பாதரச அழுத்தத்துல ஏத்தி, அந்த உப்பின இடத்துலதான் எல்லா வேலையும். கருவி போற ட்ரோக்கார்ங்கற குழாய் வயித்துச் சுவர்ல ஒரே இடத்துல நிக்குது, அதனால நேரான நீடில் ஹோல்டருக்கு நாலு அசைவுதான்: உள்ள வெளிய, மேல கீழ, இடது வலது, அப்புறம் தன்னத்தானே சுத்திக்கறது. கை இடது பக்கம் போனா நுனி வலது பக்கம் போகும். அரைவட்ட ஊசி சதைக்குள்ள செங்குத்தா இறங்கி அதோட வளைவ ஒட்டியே சுத்தி வெளிய வரணும், ஆனா கருவி எந்தக் கோணத்துல வரணும்னு முடிவு பண்றது போர்ட், அதாவது அந்த ஓட்டை, போட்ட இடம். கோணம் சரியா அமையலன்னா ஊசி சதைய கிழிச்சுட்டுதான் வரும்.

தியேட்டர விட்டு வெளிய வந்ததும் மேடம் சொன்னது இதுதான்: "என் மணிக்கட்டு வெளியிலயே நின்னு போயிடுது, உள்ள போறது வெறும் குச்சி. உள்ள ஒரு மணிக்கட்டு வெச்சுக் குடுங்க." ஆபரேஷனுக்கு உபயோகிக்கற டா வின்சி ரோபோவுல அந்த மணிக்கட்டு இருக்கு, 8 மி.மீ. கருவியோட நுனியில குட்டி குட்டி கப்பி வெச்சு டங்ஸ்டன் கேபிள்ல ஓடுது. ஆனா அது கோடிக்கணக்குல ஆகுற மெஷின், அவங்க வேலை பாத்த ஆஸ்பத்திரி அத நினைச்சுப் பாக்கற நிலைமையில இல்ல. மோட்டார் இல்லாம, கையாலயே இயக்குற, 5 மி.மீ. போர்ட்டுக்குள்ள போற மாதிரி ஒன்னு வேணும்னு கேட்டாங்க.

முதல் மாடல்

5 மி.மீ.க்குள்ள கப்பி வெக்க இடம் கிடையாது. அதனால இந்த வேலை பண்ற நிறைய பேர் போற வழியிலதான் நாங்களும் போனோம், முதுகெலும்பு மாதிரி சின்னச் சின்ன துண்டுகள அடுக்கி, நாலு பக்கமும் கேபிள் விட்டு, எந்தப் பக்க கேபிள இழுக்கறோமோ அந்தப் பக்கம் வளையுற அமைப்பு. 4.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியிலருந்து 3 மி.மீ. நீளத்துல 9 துண்டு. கோயம்புத்தூர் கணபதி ஏரியா பக்கம் ஒரு வயர்கட் ஷாப்ல, அதாவது மின்சாரம் பாயுற மெல்லிய கம்பியால உலோகத்த வெட்டுற கடையில, வெட்டுனோம். ஒவ்வொரு துண்டுலயும் நாலு கேபிள் ஓட்டை, ஓட்டை 0.5 மி.மீ., மையத்துலருந்து 1.8 மி.மீ. தள்ளி. ஓட்டைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவுல மிஞ்சுற உலோகம் 0.35 மி.மீ.தான். நடுவுல இன்னொரு பெரிய ஓட்டை, அதுல ஊசிய கவ்வுற தாடைய மூடுற கேபிள். 9 துண்டுக்கு 8 மூட்டு, ஒரு திசைக்கு 4, மூட்டுக்கு 20 டிகிரி, ஆக 80 டிகிரி வளைவு. கைப்பிடி பக்கமும் இதே மாதிரி ஒரு வளையுற பகுதி, கைய எப்படி மடக்குறோமோ அதுக்கு ஏத்தாப்ல நுனியும் மடங்கும்.

80 டிகிரி வளைஞ்சப்ப டீம் மொத்தமும் சந்தோஷப்பட்டோம். மேஜை மேல வெச்சுப் பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புனோம். எங்க முதல் தப்பு அங்கதான். எத்தன டிகிரி வளையுதுங்கறதையே அளவுகோலா எடுத்துக்கிட்டோம், வளைஞ்ச பிறகு தள்ளுனா தாங்குதான்னு ஒரு தடவ கூட அளக்கல.

பாக்ஸ் ட்ரெய்னர்ல பாத்தது

மேடம் பாக்ஸ் ட்ரெய்னர்ல, அதாவது வயிறு மாதிரி வெச்சுப் பழகுற பயிற்சிப் பெட்டியில, கோழித்தொடைய வெச்சு தைச்சுப் பாத்தாங்க. மூனு பிரச்சனை தெரிஞ்சுச்சு, மூனுமே முதல் கால் மணி நேரத்துக்குள்ள.

முதலாவது, ஊசிய சதைக்குள்ள அழுத்துனதும் நுனி பக்கவாட்டுல நழுவுது. வளைவு நிமிர்ந்து போச்சுன்னு நாங்க நினைச்சோம், ஆனா வீடியோவ மெதுவா ஓட்டிப் பாத்தா நுனி பாக்குற திசை மாறவே இல்ல, இடம் மட்டும் நகருது, யாரோ புடிச்சு தள்ளி வெச்ச மாதிரி.

ரெண்டாவது, தாடைய இறுக்குனா நுனி தலையாட்டுது. ஊசிய சரியான கோணத்துல புடிச்சுட்டோம்னு நினைச்சு கைப்பிடிய அமுக்குனா அந்த நொடியில கோணம் மாறிடுது.

மூனாவது, வளைஞ்ச நிலையில நுனிய அதோட சொந்த அச்சுல சுத்தும்போது ஒரே சீரா சுத்தல. கொஞ்ச தூரம் வரைக்கும் ஒன்னும் நடக்காது, அப்புறம் டக்குனு தாவும். ஊசிய வளைவ ஒட்டி ஓட்டறதுக்கே இந்தச் சுத்தல்தான் தேவை, அதனால இது இல்லன்னா மத்த எதுவும் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

மேடம் கோவப்படல. "வளைக்காம நேரா வெச்சுத் தைச்சா நல்லா வருது"ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து திரும்புற வழியில யாரும் பேசல.

காரணம் தேடுனது

நழுவுறதுக்கு கேபிள் லூஸா இருக்கறதுதான் காரணம்னு முடிவு பண்ணி இறுக்குனோம். மாறல. தடிமனான கேபிள் வாங்கி, ஓட்டைய பெருசாக்கி மறுபடி துண்டு வெட்டுனோம். அதுக்கும் மாறல. மூனு வாரம் இதுலயே போச்சு. கடைசியில காரணத்த கண்டுபிடிச்சது எங்க டீம்ல யாருமே இல்ல, வயர்கட் ஷாப் அண்ணன். புதுத் துண்டு வாங்கப் போனப்ப பழைய மாடல கையில குடுத்தோம், அவர் ரெண்டு விரலால நுனிய புடிச்சு லேசா பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே, "தம்பி, இது கேபிள் இழுவை இல்லீங்க, கீழ ஒரு பக்கம் மடங்குது, மேல அதுக்கு எதிர்ப்பக்கம் மடங்குது பாருங்க, பாம்பு நெளியுற மாதிரி"ன்னாரு.

அவர் சொன்னது அப்படியே சரி. கீழ் பாதி வலது பக்கம் மடங்குனா வலது கேபிளுக்கு கொஞ்சம் நீளம் மிச்சமாகுது, மேல் பாதி இடது பக்கம் மடங்குனா அதே கேபிளுக்கு அதே நீளம் கூடுதலா தேவைப்படுது. ரெண்டும் கழிஞ்சு போயிடுது. மொத்தத்துல கேபிளோட நீளம் மாறல, அதனால நுனி நகர்ந்தது கேபிளுக்குத் தெரியவே தெரியாது, எவ்ளோ இறுக்குனாலும், எவ்ளோ தடிமனா போட்டாலும் அது தடுக்காது. கேரம் காய்கள அடுக்கி நாலு பக்கமும் நூல் கட்டி மேல இருக்குற காய தள்ளிப் பாத்தா இதே தான் நடக்கும், காய் சாயாம தள்ளிப் போகும். ஒரு திசையில ஒன்னுக்கு மேற்பட்ட மூட்டு இருந்து, கேபிள் கடைசித் துண்டுல மட்டும் கட்டியிருந்தா இந்த நெளிவு வந்தே தீரும். தெரிஞ்சவங்களுக்கு இது பழைய விஷயம், நாங்கதான் படிக்காம இறங்கிட்டோம்.

தலையாட்டறதுக்கு காரணம் கணக்குலயே கிடைச்சுச்சு. தாடை நீளம் 10 மி.மீ., கேபிள் இழுக்குற நெம்புகோல் நீளம் 1.2 மி.மீ. தான், அதனால தாடை நுனியில 10 நியூட்டன் பிடி வேணும்னா கேபிள்ல சுமார் 83 நியூட்டன் இழுக்கணும். வளைஞ்ச இடத்துல இந்தக் கேபிள் நடுவுல நிக்காம உள்பக்கச் சுவர்ல போய் சாயுது, எங்க ஓட்டையில 0.3 மி.மீ. விலகல் இருந்துச்சு. 83 நியூட்டன் 0.3 மி.மீ. தள்ளி இழுத்தா வர்ற திருப்பத்த தாங்க பக்கக் கேபிள்ல கிட்டத்தட்ட 14 நியூட்டன் வேணும். 400 மி.மீ. நீளமுள்ள 0.45 மி.மீ. முறுக்குக் கம்பிக் கேபிள் அந்த இழுவைக்கு அரை மி.மீ.க்கு மேல நீளுது. கேக்க சின்னதா இருக்கும், ஆனா மையத்துலருந்து 1.8 மி.மீ. தள்ளி இருக்குற கேபிள்ல 0.1 மி.மீ. மாறுனாலே நுனி 3 டிகிரி திரும்பும். ஒரு தலைமுடி தடிமன் அளவு லூஸு, 3 டிகிரி. சுத்தும்போது தாவுறதுக்கும் இதே தான் காரணம், சுத்த சுத்த ஒவ்வொரு கேபிளும் மாறி மாறி இறுகி தளருது, தளர்ற பக்கம் லூஸா இருந்தா நுனி அங்க காத்திருந்து தாவுது.

உராய்வயும் அப்பதான் உக்காந்து போட்டோம். வளைஞ்ச இடத்துல கேபிள் இழக்குற விசை கோணத்த பொறுத்து அடுக்கடுக்கா ஏறும், உராய்வு எண் 0.15ன்னு வெச்சா நுனியில 80 டிகிரியும் கைப்பிடியில 80 டிகிரியும் சேந்து 160 டிகிரிக்கு மூனுல ஒரு பங்கு விசை வழியிலயே போயிடுது. மேடத்தோட விரல் வலிச்சதுக்கு இதுதான் காரணம், அவங்க அத சொல்லவே இல்ல, கட்டைவிரல அவங்க தேய்ச்சுக்கிட்டத நாங்க பாத்துதான் கேட்டோம்.

எடுத்த முடிவுகள், ஏன்

நெளிவ தடுக்க மூனு வழி எங்க முன்னாடி இருந்துச்சு. நடுவுல நிட்டினால்ங்கற நிக்கல்-டைட்டானியம் கலவைக் கம்பி ஒன்ன முதுகெலும்பா விடலாம், அது நிறைய வளைஞ்சும் பழைய நிலைக்கு வரும், ஆனா அந்த நடு இடம் தாடைக் கேபிளுக்கு வேணும், அதோட கம்பி வளையறதுக்கே எதிர்ப்பு காட்டும், ஏற்கனவே விரல் வலி. ரெண்டாவது வழி நெதர்லாந்து டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பால் பிரீட்வெல்ட் குழு போனது, கணவாய் மீனோட கைய பாத்து எடுத்த யோசனை, நேரா போற கேபிளோட சேத்து திருகு மாதிரி சாய்வா சுத்திப் போற கேபிளும் விடறது, சாய்வு கேபிள் இருந்தா நெளியும்போது அதோட நீளம் மாறியாகணும், அதனால தடுக்கும். படிக்கும்போது எனக்கு அவ்ளோ பிடிச்சுச்சு. ஆனா எங்ககிட்ட இருந்த ஆளும் கருவியும் வெச்சு அத்தன கேபிள ஒரே இழுவையில கட்டி முடிக்க முடியும்னு எனக்கு நம்பிக்கை வரல. அந்த முடிவு சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன்.

மூனாவது வழிய எடுத்தோம்: மூட்ட குறைக்கறது. ஒரு திசைக்கு ஒரே ஒரு மூட்டு, மொத்தம் ரெண்டு. ஒரு திசையில ஒரே மூட்டு இருந்தா எதிரெதிரா மடங்கவே முடியாது, நெளிவு அடிப்படையிலேயே இல்லாம போயிடும். வளையுற பகுதி 27 மி.மீ.லருந்து 9 மி.மீ. ஆச்சு, குறுகின இடத்துல அதுவும் லாபம். விலையா குடுத்தது வளைவு, 80 டிகிரி 50 ஆச்சு. டீமுக்குள்ள இதுக்கு பெரிய சண்டை, 80-னு எல்லார்கிட்டயும் காட்டிட்டோம் இப்ப எப்படி குறைக்கறதுன்னு. மேடத்துகிட்ட நேரா கேட்டோம், அவங்க ஒரு ஸ்ட்ரெய்ட் கருவிய கையில வெச்சு தனக்கு எவ்ளோ தேவைன்னு காகிதத்துல கோடு போட்டாங்க, அளந்தா 45 டிகிரி. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அடுத்தது கேபிள். நேரா போற ஷாஃப்ட், அதாவது நீளத் தண்டு, பகுதியில கேபிள் எதுக்குன்னு யோசிச்சு, அந்த இடத்துல 0.8 மி.மீ. ஸ்டீல் ராட் போட்டு, வளையுற ரெண்டு முனையில மட்டும் கேபிள அமுக்கிக் கவ்வ வெச்சு (க்ரிம்ப்) மாட்டுனோம். ஒரே நீளத்துக்கு அந்த ராட் கேபிள விட பத்து மடங்கு விறைப்பு. அதோட நாலு கேபிளயும் முன்கூட்டியே இழுத்து, ஒரு ராத்திரி முழுக்க எடை தொங்கவிட்டு, புதுக் கேபிள்ல இருக்குற ஆரம்ப நீட்சிய எடுத்துட்டுதான் கட்டுனோம். வளைஞ்ச நிலைய புடிச்சு வெக்க கைப்பிடியில ஒரு லாக்கும் வெச்சோம்.

ரெண்டாவது மாடல்

இந்தத் தடவ மேடத்துகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நுனியில நூல் கட்டி எடை தொங்கவிட்டு அளந்தோம், வளைச்சு, லாக் போட்டு, நாலு பக்கமும். பழைய மாடலயும் பக்கத்துல வெச்சு அதே எடைய தொங்கவிட்டப்ப, பழசு கண்ணுக்குத் தெரியற மாதிரி தொங்குச்சு, புதுசுல அளக்க டயல் கேஜ் தேவைப்பட்டுச்சு. அத பாத்ததும் வந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கு.

மேடம் தைச்சாங்க. நழுவல் இல்ல. தலையாட்டல் குறைஞ்சுச்சு, முழுசா போகல. சுத்தும்போது தாவல் இல்ல, ஆனா முன்கூட்டி இழுத்து வெச்ச கேபிளால கைப்பிடி கனமா திரும்புது. கோணம் குறைஞ்சதால உராய்வு இழப்பு மூனுல ஒரு பங்குலருந்து நாலுல ஒரு பங்குக்கும் கீழ வந்துச்சு, ஆனா இழுவை கூடுனதால விரலுக்கு அந்த லாபம் முழுசா போய்ச் சேரல. கோழித்தொடையில வரிசையா தையல் போட்டாங்க, ஊசி வளைவ ஒட்டிப் போயி வெளிய வந்துச்சு, சதை கிழியல. "இது உள்ள இருக்குற மணிக்கட்டுதான்"னாங்க. அதுக்கப்புறம் பயிற்சியில இருந்த ஒரு ஜூனியர் டாக்டர் எடுத்தாரு, அவருக்கு லாக் எப்ப போடணும், எப்ப எடுக்கணும்ங்கறதுலயே குழப்பம், நேரான கருவியில தைச்சத விட அதிக நேரம் ஆச்சு. கத்துக்க நாளாகும்ங்கறத நாங்க கணக்குல எடுக்கல.

கழுவுற இடத்துல நின்னது

மறுபடி மறுபடி உபயோகிக்கற கருவின்னுதான் ஆரம்பத்துலருந்தே பேச்சு, விலை அடக்கமா இருக்கணும்ல. 134 டிகிரி நீராவியில ஸ்டெரிலைஸ் பண்ணிப் பாத்தோம், தாங்குச்சு, அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சோம். அப்புறம் ஆஸ்பத்திரியோட சி.எஸ்.எஸ்.டி.ல, அதாவது கருவிகள கழுவி ஸ்டெரிலைஸ் பண்ற பிரிவுல, இன்சார்ஜா இருக்குற சிஸ்டர்கிட்ட காட்டுனோம். அவங்க கண்ணாடிய போட்டுக்கிட்டு நுனிய விளக்கு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, ஒரு நிமிஷம் ஒன்னும் பேசல. அப்புறம், "இதுக்குள்ள பிரஷ் எப்படி சார் விடறது?"ன்னு கேட்டாங்க.

பதில் இல்ல. ஷாஃப்டுக்குள்ள அஞ்சு ராட், நுனியில முறுக்குக் கேபிள், எதுக்கும் வெளியிலருந்து வழி இல்ல. அவங்க சொன்னாங்க, அழுக்கு இருக்கற இடத்துல நீராவி போய்ச் சேந்தாலும் அத நம்ப முடியாது, முதல்ல கழுவி சுத்தமாகணும், அப்புறம்தான் ஸ்டெரிலைஸ்னு. சந்தேகத்த தீத்துக்க நாங்களே ஒரு சோதனை பண்ணோம், கறிக்கடையிலருந்து ஆட்டு ரத்தம் வாங்கி, நுனிய அதுல முக்கி, வளைச்சு நிமித்தி, காய விட்டு, அவங்க வழக்கமா பண்ற மாதிரியே என்சைம் கரைசல்ல ஊறவெச்சு, அல்ட்ராசானிக்ல போட்டு, அலசி, அப்புறம் மொத்தமா பிரிச்சோம். மூட்டு சுத்தமா இருந்துச்சு. கேபிளோட முறுக்குக்குள்ள, இழைக்கும் இழைக்கும் நடுவுல, பழுப்பு நிறத்துல கோடு கோடா இருந்துச்சு. லென்ஸ்ல பாக்கும்போது எனக்கு வயித்த பெசஞ்சுச்சு. அது இன்னொருத்தரோட வயித்துக்குள்ள போயிருக்க வேண்டிய நுனி.

அன்னைக்கே மனுஷங்ககிட்ட உபயோகிக்கறத பத்தின எல்லா பேச்சையும் நிறுத்துனோம். மறு உபயோகக் கருவின்னா அத எப்படி கழுவணும், எப்படி ஸ்டெரிலைஸ் பண்ணணும்னு தயாரிக்கறவங்கதான் சோதிச்சு எழுதித் தரணும், ஐ.எஸ்.ஓ. 17664-ங்கற சர்வதேசத் தரநிலை சொல்றதே அதுதான். எங்களால எழுதித் தர முடியாத நிலைமை.

என்ன ஆச்சு

ஒரே தடவ உபயோகிச்சு தூக்கிப் போடற நுனி, மாட்டிக் கழட்டுற மாதிரி, அதையும் யோசிச்சோம். நாலு கேபிளோட இழுவைய ஒவ்வொரு தடவையும் மாட்டும்போது அதே அளவுக்கு கொண்டு வர்றது முடியல, 0.1 மி.மீ.க்கு 3 டிகிரிங்கற அதே கணக்கு அங்கயும் வந்து நின்னுச்சு. நுனியோட விலையும் அந்த ஆஸ்பத்திரி தர்ற அளவுல இல்ல. கையில இருந்த பணமும் தீந்துச்சு. ரெண்டாவது மாடல் எந்த நோயாளிகிட்டயும் போகல, அது பாக்ஸ் ட்ரெய்னர்லயே இருக்கு. மேடம் இன்னும் நேரான கருவியிலதான் தைக்கறாங்க. அவங்களுக்கு ஒன்னும் செஞ்சு குடுக்க முடியலங்கறது எனக்கு உறுத்தலாவே இருக்கு.

டீம்ல ரெண்டு பேர் வேற வேலைக்குப் போயாச்சு. மீதி ரெண்டு பேர், நானும் இன்னொருத்தரும், இப்ப ஒரே திசையில மட்டும் வளையுற ஒரு டிசெக்டர், அதாவது சதைய ஒன்னுலருந்து ஒன்னு பிரிக்கற கருவி, செய்யறதுல இருக்கோம். கேபிளே கிடையாது, ரெண்டு பட்டை ராட் தள்ளி இழுக்குது, ஷாஃப்ட் முழுக்க தண்ணி பாய்ச்ச கைப்பிடியில ஒரு வழி, நுனிய ஸ்க்ரூ கழட்டி பிரிக்கலாம். தையலுக்கு இது போதாது, சதைய பிரிச்சு எடுக்கற வேலைக்கு போதும்.

மறுபடி ஆரம்பிச்சா

வரிசைய மாத்துவேன். முதல்ல டாக்டர்கிட்ட கோடு போட்டு கோணம் வாங்கறது, ரெண்டாவது எடை தொங்கவிட்டு அளக்கற ஒரு ஸ்டாண்ட், அது கருவிக்கு முன்னாடியே தயாரா இருக்கணும். வளைவு வீடியோவ அந்த ஸ்டாண்ட் நம்பர் இல்லாம யாருக்கும் அனுப்ப மாட்டேன். 8 மி.மீ. போர்ட்டுக்கு ஒத்துக்குவாங்களான்னு முதல் நாளே கேப்பேன், 3 மி.மீ. கூடுனா கேபிள் மையத்துலருந்து இன்னும் தள்ளிப் போகும், அதே லூஸுக்கு நுனி குறைவாத் திரும்பும், நாங்க பட்ட பாட்டுல பாதி இருந்திருக்காது. 5 மி.மீ.ங்கறத யாரும் எங்கள கட்டாயப்படுத்தல, அவங்க ஒரு தடவ சொன்னாங்க, நாங்க மறு கேள்வி கேக்காம அப்படியே எழுதிக்கிட்டோம். ஜூனியர் டாக்டர் ஒருத்தர முதல் மாடல்லருந்தே கூட வெச்சுக்குவேன், பழகின கை எதையும் சமாளிச்சுடும், அதனால குறை தெரியாது.

அப்புறம் சிஸ்டர். டிசெக்டரோட முதல் டிராயிங்க இந்தத் தடவ உலோகம் வெட்டறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட அனுப்பிட்டோம். பென்சில்ல ரெண்டு இடத்துல வட்டம் போட்டு திருப்பி அனுப்பிருக்காங்க, லாக் ஸ்க்ரூவோட தலையில இருக்குற பள்ளம் ஒன்னு, ரப்பர் சீலுக்கு பின்னாடி இருக்குற இடுக்கு ஒன்னு. ரெண்டையும் மாத்திட்டு இருக்கோம்.